சம்பந்தி வீட்டு மெத்தை

டெல்லிக்குப் போய்விட்டு வந்ததிலிருந்து, என்னிடம் இட்லி மாவு வாங்க வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். என்னவெல்லாம் பார்த்தீர்கள்? செங்கோட்டையைப் பனிமூட்டத்தில் பார்த்தேன், இந்தியா கேட்டையும் பனிமூட்டத்தில் பார்த்தேன், இரண்டிலும் பாதிதான் தெரிந்தது என்று சொல்லி மாவை அளந்து கொடுத்துவிடுகிறேன். உண்மையில் நான் டெல்லியில் அதிகம் பார்த்தது ஒரு மெத்தையைத்தான். அதை வாசலில் நின்றுகொண்டு சொல்ல முடியாது. எழுதினால் யாரும் என் முகத்தைப் பார்க்கப் போவதில்லை என்பதால் இங்கே சொல்லிவிடுகிறேன்.

எனக்கு நாற்பத்தேழு வயது. மாதவிலக்கு நிற்கப்போகிற வயது என்கிறார்கள். எனக்கு அது நிற்பதற்கு முன்னால் எல்லாவற்றையும் சேர்த்துவைத்துக் கொடுத்துவிட்டுப் போகிற மாதிரி வருகிறது. இரண்டு மாதம் எட்டியே பார்க்காது. பிறகு ஒரு நாள் குழாயைத் திறந்துவிட்டது போலத்தான். பகலில் எப்படியாவது சமாளிக்கலாம். அடிக்கடி எழுந்துபோய் மாற்றிக்கொள்ளலாம். ராத்திரி கண்ணசந்துவிட்டால் உடம்பு நம் பேச்சைக் கேட்பதில்லை. டாக்டரம்மாவிடம் காட்டியாயிற்று. ஸ்கேன் பார்த்துவிட்டு, கர்ப்பப்பையில் சின்னக் கட்டி இருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் கவனிக்காமல் விடவும் கூடாது என்றார். ரத்தம் ஊறுவதற்கு இரும்புச்சத்து மாத்திரையும், போக்கு அதிகமான நாட்களில் போட்டுக்கொள்ள வேறொரு மாத்திரையும் எழுதித் தந்திருக்கிறார்.

படுக்கைக்கு நானே ஒரு ஏற்பாடு செய்துவைத்திருக்கிறேன். தரையில் பாய், பாய் மேல் ரப்பர் ஷீட், அதன் மேல் நாலாக மடித்த பழைய வேட்டி. காலையில் வேட்டியை அலசிப் போட்டால் எங்கள் அம்பாசமுத்திரத்து வெயிலில் காப்பி குடித்து முடிப்பதற்குள் காய்ந்துவிடும். அந்த ரப்பர் ஷீட், என் மகள் கோமதி பிறந்தபோது வாங்கியது. ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் பச்சை. கோமதி வளர்ந்து, படித்து, வேலைக்குப் போய், கல்யாணமாகி டெல்லிக்கும் போய்விட்டாள். ஷீட் மட்டும் என்னோடு நின்றுவிட்டது.

இந்த வருஷம் கோமதிக்குத் தலைப்பொங்கல். எங்கள் பக்கத்தில் தலைப்பொங்கலுக்குப் பெற்றவர்கள் பொங்கல்படி கொண்டுபோய்க் கொடுத்தாக வேண்டும். வெண்கலப் பானை, பச்சரிசி, வெல்லம், பனங்கிழங்கு, சிறுகிழங்கு, மஞ்சள் குலை, கரும்பு. மாப்பிள்ளை வீடு பக்கத்துத் தெருவில் இருந்தால் தலையில் வைத்துக் கொண்டுபோகலாம். டெல்லி மயூர் விஹாரில் இருந்தால் ரயிலில்தான் கொண்டுபோக வேண்டும். தேதி நெருங்கியும் எனக்கு வரவேண்டியது வரவில்லை. அது எந்த ஊரில் வைத்து வரப்போகிறது என்பது ஒன்றுதான் கவலை. அதனால் பையில் எல்லாவற்றுக்கும் மேலாக ரப்பர் ஷீட்டை மடித்துவைத்தேன்.

ரயிலில் எங்களுக்குக் கரும்புதான் அடையாளம். கட்டி வைத்த கரும்பைச் சீட்டுக்கு அடியில் தள்ளினால் நுனி நடைபாதையில் நீட்டிக்கொண்டு நின்றது. டீ விற்கிறவர் இடறினார். டிக்கெட் பரிசோதகர் இடறிவிட்டு எங்கள் டிக்கெட்டை இரண்டு தடவை பார்த்தார். எதிரே வடக்கத்திப் பெரியவர் ஒருவரும் அவர் மனைவியும் இருந்தார்கள். பக்கத்துச் சீட்டில் லீவு முடிந்து திரும்பிப் போகிற பட்டாளத்துக்காரர். பெரியவர் இந்தியில் ஏதோ சொல்ல, பட்டாளத்துக்காரர் சிரித்துவிட்டு எங்களுக்குத் தமிழில் சொன்னார். "அங்கே வண்டி வண்டியாக் கரும்பு கெடக்கே, உங்களுக்கு யாரும் சொல்லலியான்னு கேக்கார்."

என் வீட்டுக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அவுக கரும்பு வெள்ளை. நம்ம கரும்பு கறுப்பு. சாமிக்கு வித்தியாசம் தெரியும்னு சொல்லுங்க."

அதை அவர் மொழிபெயர்த்ததும் பெரியவரின் மனைவி மட்டும் தலையாட்டி ஒத்துக்கொண்டார். அதன் பிறகு முள்ளங்கி வைத்த சப்பாத்தி எங்களுக்கும், முறுக்கு அவர்களுக்குமாகப் போய்வந்துகொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே பச்சை மங்கி, மண் நிறம் மாறி, கடைசியில் பனி வந்து எல்லாவற்றையும் மூடிவிட்டது. வண்டி நின்று நின்று போனது. காலையில் சேர வேண்டிய நாங்கள் மத்தியானம்தான் சேர்ந்தோம். மாப்பிள்ளை கார்த்திக் காலையிலிருந்தே காத்துக்கொண்டு நின்றார். ஸ்டேஷன் வாசலில் வெள்ளைக் கரும்பைக் குவித்துவைத்துச் சாறு பிழிந்துகொண்டிருந்தார்கள். என் வீட்டுக்காரர் அந்தப் பக்கம் திரும்பாமலே நடந்தார்.

கரும்பை ஏற்ற ஆட்டோக்காரர் முதலில் மறுத்தார். மாப்பிள்ளை "பையா, பையா" என்று இந்தியில் அண்ணன் முறை சொல்லிக் கெஞ்சிப் பேசி, ஒரு கரும்பு அவருக்கு என்று முடிவானது. இரண்டு பக்கமும் கரும்பு நீட்டிக்கொண்டிருக்க, பனிக்குள் சாமி புறப்பாடு போலப் போய்ச் சேர்ந்தோம்.

சம்பந்தியம்மா பெயர் வடிவு. மத்திய அரசு ஆபீசில் அதிகாரி. உயரமாக, கண்ணாடி போட்டு, எதைச் சொன்னாலும் ஃபைலை மூடிவைக்கிற மாதிரி முடித்துச் சொல்வார். கல்யாணத்தின்போது நான் அவரிடம் பேசியது மொத்தமே "சாப்பிட்டியளா மதினி" என்பதுதான். கல்யாணமான நாளிலிருந்து டெல்லியிலேயே இருந்தாலும் பேச்சு இன்னும் திருநெல்வேலிப் பேச்சுதான். நடுநடுவே இந்தியில் ஒரு அச்சாவும் ஜல்தியும் வந்துபோகும். அவர் வீட்டுக்காரரை நாங்கள் அண்ணாச்சி என்போம். ரிட்டயர் ஆனவர், சாது. இந்த வீட்டில்தான் என் மகள் வாழப்போகிறாள் என்பதால், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, என்னால் இங்கே ஒரு பேச்சு வந்துவிடக்கூடாது என்று நினைத்துக்கொண்டேன்.

பொங்கல்படியைத் தாம்பாளங்களில் எடுத்துவைத்தோம். மஞ்சள் குலையைப் பையிலிருந்து எடுத்தபோதுதான் பார்த்தேன். வேரும் மண்ணுமாக இருந்த குலையின் அடிப்பகுதியில் சிவப்பும் பச்சையுமாக என் ரப்பர் ஷீட் சுற்றியிருந்தது. மண் சிந்தக்கூடாது என்று என் வீட்டுக்காரர் கிளம்புகிற அவசரத்தில் கைக்கு அகப்பட்டதை எடுத்துக் கட்டியிருக்கிறார்.

வடிவு மதினி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பொட்டு மண்ணு சிந்தாம எவ்வளவு நேர்த்தியாக் கட்டியிருக்காக" என்றார். பிரிக்க மனமில்லாமல், ஷீட்டின் ஓரங்களைத் தாமரை இதழ் மாதிரி மடித்துவிட்டு, அதற்கும் ஒரு குங்குமப் பொட்டு வைத்து, முருகன் படத்துக்கு முன்னால் கொண்டுபோய் வைத்தார். நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் பெருமையாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

பிறகு எங்களுக்கு ஒதுக்கிய அறையைக் காட்டினார்கள். கட்டில் நிறைய மெத்தை, வெள்ளை வெளேரென்று விரிப்பு, அதன் மேல் அரையடி உயரத்துக்கு ஒரு பஞ்சுப் போர்வை. அதற்கு ரஜாய் என்று பெயர். குளிர் தொடங்கும்போது பஞ்சை அடித்துக் கொட்டித் தைக்கிறவர் காலனிக்கு வருவாராம். எங்களுக்கென்றே இந்த வருஷம் புதுப் பஞ்சு வாங்கித் தைக்கச் சொல்லியிருக்கிறார் மதினி.

"தொட்டுப் பாருங்க மதினி, எப்படி இருக்குன்னு. ஒரே ஒரு கஷ்டம், இதத் தொவைக்க முடியாது. தண்ணி பட்டுச்சுன்னா பஞ்சு கட்டி பிடிச்சிரும். தையலப் பிரிச்சு மறுபடியும் கொட்டணும்."

தொட்டுப் பார்த்தேன். முயல்குட்டி மாதிரி இருந்தது. ஹாலில் ஒரு கம்பிச் சட்டத்தில் துணிகள் ஹீட்டருக்கு முன்னால் தொங்கின. அவை முந்தின வாரத்துத் துணிகள், இன்னும் காயவில்லை என்றாள் கோமதி. துவைக்க முடியாத போர்வை, காயாத ஊர். அன்று சாயங்காலம், இஞ்சி டீ குடித்துக்கொண்டிருக்கும்போது, எனக்கு வந்துவிட்டது.

படுக்கப் போனதும் என் வீட்டுக்காரரிடம் விஷயத்தை மெதுவாகச் சொன்னேன். அவருக்கு முகம் சுருங்கிப்போய்விட்டது. "வேணும்னா நான் போயி எடுத்துட்டு வரட்டா?" என்றார். பொட்டு வைத்து முருகனுக்கு முன்னால் இருப்பதையா? பேசாமல் படுங்கள் என்றேன். அவர் ரஜாய்க்குள் புகுந்ததும் குறட்டை கேட்டது. நான் கறுப்பு நைட்டி, இரண்டு நாப்கின், மடித்த வேட்டி என்று எல்லாப் பாதுகாப்போடும் கட்டிலுக்கு அடியில் கிடந்த பாயை மொசைக் தரையில் விரித்தேன். டெல்லித் தரை பாயையும் தாண்டி எலும்போடு பேசியது.

காலையில் காப்பியோடு வந்த வடிவு மதினி என்னைத் தரையில் பார்த்துவிட்டு நின்றுவிட்டார்.

"கட்டில் சரியில்லையா மதினி?"

"நல்லா இருக்கு. எனக்குத் தரைதான் பழக்கம்."

"இந்தக் குளிர்லயா?"

நான் பாயைச் சுருட்டினேன். அவர் காப்பியை வைத்துவிட்டுப் போனார். இட்லி பரிமாறும்போது சட்னி வேண்டுமா என்று என் வீட்டுக்காரரிடம்தான் கேட்டார்.

அது ஞாயிற்றுக்கிழமை. இந்தியா கேட்டைப் பார்த்த பிறகு ஆண்கள் வீட்டுக்குத் திரும்ப, கோமதி என்னை மெட்ரோவில் சரோஜினி நகருக்கு அழைத்துப் போனாள். மெட்ரோவில் ஏறும் முன் திரைக்குப் பின்னால் ஒரு பெண் காவலர் நம்மைத் தடவிப் பார்க்கிறார். மனசுக்குள் முருகா முருகா என்று சொல்லிக்கொண்டு கையை விரித்து நின்றேன். அந்தப் பெண் கொட்டாவி விட்டுக்கொண்டே என்னை அனுப்பிவிட்டார். பெண்கள் பெட்டியில் உட்கார்ந்ததும் கோமதி கேட்டாள்.

"ஏம்மா, அத்தைகிட்ட ஏதும் சொன்னியா? உங்க அம்மாவுக்கு எங்க மேல என்ன மனத்தாங்கல்னு காலையில எங்கிட்ட கேக்காக. கல்யாணத்துல ஏதும் குறை வச்சிட்டோமான்னு கேக்காக."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கள் பக்கத்தில் சம்பந்தி வீட்டில் கட்டில் இருக்கும்போது தரையில் படுத்தால், உங்கள் வீட்டில் எனக்கு மரியாதை இல்லை என்று வாய் திறக்காமல் சொல்வதாக அர்த்தம். கோபித்துக்கொண்ட சம்பந்திகள் செய்கிற வேலை அது. எனக்காகவே புது ரஜாய் தைத்த வீட்டில் போய் அதைத்தான் நான் செய்திருக்கிறேன்.

கோமதியிடம் உண்மையைச் சொன்னேன். பக்கத்திலிருந்த காலேஜ் பிள்ளைகள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தாள். "இவ்வளவுதானா? நான் அத்தைகிட்டச் சொல்லிருதேன்" என்றாள். நான் அவள் கையைப் பிடித்து என் தலையில் வைத்து, சொல்லமாட்டேன் என்று சத்தியம் வாங்கிவிட்டேன். சம்பந்தியம்மா நாளைக்கு எதற்காவது என் மகளிடம், உங்க அம்மா படுத்த மெத்தை என்று பேச்சை எடுத்துவிட்டால்? கோமதி தலையில் அடித்துக்கொண்டாள்.

சரோஜினி நகரில் மனிதர்கள் நடப்பதில்லை, கூட்டம் தூக்கிக்கொண்டு போகிறது. சட்டைகளை மலை மாதிரி குவித்துவைத்து, ஒருவர் மேசை மேல் ஏறி நின்று கத்துகிறார். நடுவில் சோலே பட்டூரே என்று ஒன்று வாங்கித் தந்தாள். பட்டூரே என்பது நம் பூரிக்குப் பெரியப்பா முறை. கொண்டைக்கடலைக் குழம்போடு ஒன்று சாப்பிட்டால் ராத்திரி வரை பசிக்காது.

கடைசியில் ஒரு குழந்தைச் சாமான் கடையில்தான் நாங்கள் தேடிய ரப்பர் ஷீட் கிடைத்தது. கடைக்காரர், குழந்தைக்கு என்ன வயசு என்று கேட்டார். கோமதி என்னைப் பார்த்தாள். நான் மேலே தொங்கிய தொட்டிலைப் பார்த்தேன். பதில் வராததால் அவராகவே ஒரு முடிவுக்கு வந்து, "இன்னும் பிறக்கலியா? அப்போ நல்ல முகூர்த்தத்தில்தான் வாங்குறீங்க" என்று இந்தியில் சொல்லி, மகளை வாழ்த்தி, என்னையும் வாழ்த்தினார். மஞ்சள் நிறத்தில் வாத்துகள் வரிசையாகப் போகிற ஷீட் ஒன்றை மடித்துக் கொடுத்தார். அவரிடம் இருந்ததில் அதுதான் பெரியது.

பெரியது என்றாலும் பிள்ளைக்குப் பெரியது. அதில் அடங்க வேண்டுமென்றால் நான் மறுபடியும் பிறக்க வேண்டும். அன்று ராத்திரி முதலில் கட்டிலில்தான் விரித்துப் படுத்தேன். வாத்துகளை விட்டு இப்படி அப்படி நகரக்கூடாது என்ற நினைப்பிலேயே தூக்கம் வரவில்லை. கடைசியில் வாத்துகளையும் எடுத்துக்கொண்டு தரைக்கே போய்ச் சேர்ந்தேன். அன்றைக்கு அந்த ஷீட் இல்லையென்றால் பாய் பிழைத்திருக்காது. விடிந்ததும் அதைக் கழுவித் துடைத்து, கதவுக்குப் பின்னால் தொங்கவிட்டுவிட்டுக் குளிக்கப் போனேன்.

திங்கட்கிழமை பிள்ளைகள் இரண்டு பேரும் ஆபீசுக்குப் போய்விட்டார்கள். மதினி எங்களுக்காக லீவு போட்டிருந்தார். பத்து மணிக்கு மேல் யாரோ பனியைக் கிழித்துவிட்ட மாதிரி வெயில் வந்தது. டெல்லியில் குளிர்காலத்து வெயில் என்பது விருந்தாளி வருவது மாதிரி. உடனே எல்லா வீட்டுக் கதவுகளும் திறந்தன. ஆளுக்கொரு ரஜாயைத் தோளில் போட்டுக்கொண்டு பெண்கள் மொட்டைமாடிக்கு ஏறினார்கள். கைப்பிடிச் சுவர் முழுக்கச் சிவப்பும் நீலமும் பூப்போட்டதுமாக ரஜாய்கள். அவற்றின் நடுவே பாய் விரித்து ஸ்வெட்டர் பின்னுகிறார்கள், ஆரஞ்சு உரிக்கிறார்கள். எங்கள் ஊரில் வெயிலுக்குப் பயந்து உள்ளே ஓடுகிறவர்களைத்தான் பார்த்திருக்கிறேன்.

மதினி ஒரு முறம் நிறையப் பச்சைப் பட்டாணியோடு என் எதிரே வந்து உட்கார்ந்தார். ஒரு பிடியை என் பக்கம் தள்ளிவிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"எத்தனை மாசம் மதினி?"

"எது?"

"மறைக்காதிய. ஒங்களுக்கு ஸ்வெட்டர் வைக்கலாம்னு அறைக்குள்ள வந்தேன். வாத்துப் படம் போட்ட ஷீட்டப் பாத்துட்டேன். நீங்க தரையில படுக்கது விரதம்னு அப்பத்தான் என் மண்டையில ஏறிச்சு." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் என்னென்னமோ நெனச்சு ஒங்ககிட்ட மொகங்குடுத்துக் கூடப் பேசாம இருந்துட்டேன். மகளுக்காக விரதம் இருக்கிய. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லப்பிடாதா?"

என் கையிலிருந்த பட்டாணி அப்படியே நின்றது. அவர் மடியில் போன் இருந்தது. அண்ணாச்சியை மிட்டாய் வாங்க அனுப்பியாயிற்றாம். திருநெல்வேலியில் இருக்கும் அக்காவுக்கு இதோ போன் போடப்போகிறாராம். அக்காவிடம் சொன்னால் போதும், ஊர் முழுக்கப் போய்விடுமாம். கண் கலங்கியிருந்தாலும் அந்த முகத்தில் அப்படியொரு சந்தோஷம். என் கூச்சத்துக்குப் பயந்து இன்னும் ஒரு நிமிஷம் வாயை மூடிக்கொண்டிருந்தால், சாயங்காலம் ஆபீசிலிருந்து வருகிற கோமதியை இவர் கட்டிப்பிடிப்பார். அவள் இல்லை என்று சொல்லும்போது இந்த முகம் என்ன ஆகும்? அதற்குப் பிறகு என் மகள் அந்த முகத்தோடுதானே வாழ வேண்டும்.

"அது கோமதிக்கு இல்ல மதினி" என்றேன். "எனக்கு."

மதினி என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஒங்களுக்கா? இந்த வயசுலயா?"

"ஐயோ, அது இல்ல."

அதற்குப் பிறகு நான் நிறுத்தவில்லை. அவர் முகத்தைப் பார்க்காமல், முறத்தில் இருந்த பட்டாணியைப் பார்த்து, குழாய் திறப்பது, கட்டி, மாத்திரை, வேட்டி, வெள்ளை விரிப்பு, துவைக்க முடியாத ரஜாய், முருகனுக்கு முன்னால் தாமரையாக உட்கார்ந்திருக்கும் ரப்பர் ஷீட், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். என் வாழ்நாளில் நான் இவ்வளவு நீளமாக யாரிடமும் பேசியதில்லை.

சொல்லி முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். மதினி சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தார். முதலில் அழுகிறார் என்று பயந்தேன். பிறகு தலைப்பு நழுவி, சிரிப்பு வெளியே வந்தது. அடுத்த சுவரோரம் ரஜாயைத் தட்டிக்கொண்டிருந்த பஞ்சாபிக்காரம்மா, எங்களுக்கும் சொன்னால் நாங்களும் சிரிப்போமே என்று இந்தியில் கேட்டார். இது சம்பந்திகள் விஷயம் என்று மதினி பதில் சொன்னார்.

"எந்திரிங்க மதினி, கீழ வாங்க" என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

அவருடைய அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். தன் கட்டில் விரிப்பின் ஒரு முனையைத் தூக்கினார். உள்ளே, மெத்தையை முழுக்க மூடி, ஒரு பெரிய ஃப்ளெக்ஸ் பேனர் விரித்திருந்தது. கரும்பு, பானை, சூரியன் எல்லாம் அதில் இருந்தன. 'வருக வருக' என்று கொட்டை எழுத்து. ஓரத்தில் ஒருவர் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"எங்க காலனி தமிழ்ச் சங்கத்துல போன வருஷம் பொங்கல் விழாவுக்கு அடிச்சது. விழா முடிஞ்சதும் நான் கேட்டு வாங்கிட்டு வந்துட்டேன், கூரைக்கு ஆகும்னு சொல்லி. இது எங்க தலைவர். அவர் மூஞ்சி மட்டும் கட்டிலுக்கு வெளிய தொங்குத மாதிரி போட்டுக்கிடுவேன். மரியாதை முக்கியம்லா."

"ஒங்களுக்குமா மதினி?"

"ஒரு வருஷமாச்சு. எப்ப வரும் எப்ப போகும்னே தெரியாது. இப்பக்கூட முந்தாநாள்தான் வந்துச்சு. ஆபீஸ் நாற்காலியில கறுப்புச் சால்வைய மடிச்சுப் போட்டுத்தான் உக்காருதேன். இது பொரண்டு படுத்தா அப்பளம் நொறுங்குத மாதிரி சத்தம் போடும். அதான் ஒங்க அண்ணாச்சி ஹாலுக்குப் போயிட்டாக. வெளிய கேட்டா, ஹீட்டர் பக்கம்தான் சொகம்னு சொல்லுவாக."

நான் சிரித்தேன். வாய்விட்டு, சத்தமாக. என் வீட்டுக்காரர் என்னவோ ஏதோவென்று கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார். டாக்டரிடம் காட்டினீர்களா என்று கேட்டேன். லீவு கிடைக்கவில்லை என்றார். சம்பந்திக்காக லீவு கிடைக்கும், ரத்தம் போவதற்குக் கிடைக்காதா என்று கேட்டுவிட்டேன். அப்படி ஒரு கேள்வி என் வாயிலிருந்து வந்தது எனக்கே ஆச்சரியம். பொங்கல் முடிந்ததும் போகிறேன் என்று சொன்னவரைக் கோமதியோடு போக வேண்டும் என்று ஒத்துக்கொள்ள வைத்தேன்.

"அப்ப சாமி முன்னால இருக்கத என்ன செய்ய?" என்று கேட்டேன்.

"பொங்கல் வரைக்கும் இருக்கட்டும். முருகன் ரெண்டு பொண்டாட்டிக்காரர். அவருக்குத் தெரியாததா?"

அந்த நேரம் பார்த்து அண்ணாச்சி நெய் மணக்கும் மிட்டாய்ப் பெட்டியோடு வந்து, என்ன விசேஷம் என்று இப்போதாவது சொல் என்றார். மதினி கொஞ்சமும் யோசிக்காமல், "மதினி கட்டில்ல படுக்கச் சம்மதிச்சிட்டாக. அதுக்குத்தான்" என்றார். அண்ணாச்சி பெட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சந்தோஷம்" என்று ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

ராத்திரிக்கான ஏற்பாட்டை மதினி ஆபீஸ் உத்தரவு மாதிரி அறிவித்தார். ஆண்கள் இரண்டு பேரும் புது ரஜாயோடு அந்த அறையில். பெண்கள் இரண்டு பேரும் இந்த அறையில். கோமதி வந்து விஷயத்தைக் கேள்விப்பட்டதும், சத்தியத்தைக் காப்பாற்றியதற்குத் தனக்கு மட்டும் இரண்டு மிட்டாய் எடுத்துக்கொண்டாள். ஃப்ளெக்ஸ் மேல் பழைய கம்பளம், கம்பளத்தின் மேல் மாம்பழ நிற விரிப்பு. ஆளுக்கொரு பழைய போர்வை, கறை பட்டாலும் கவலையில்லாத போர்வை. ஒருவர் புரண்டால் அப்பளம் நொறுங்கும், மற்றவர் சிரிப்பார். கடைசியில் யார் முதலில் தூங்கினோம் என்று தெரியாது. டெல்லிக்கு வந்த பிறகு அன்றுதான் நான் கால் நீட்டித் தூங்கினேன்.

போகிப் பண்டிகை விடிந்தது. எழுந்து போர்வையை விலக்கினால், மாம்பழ நிற விரிப்பில், இரண்டு பேருக்கும் சரியாக நடுவில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறை இருந்தது.

"என்னுதுதான் மதினி" என்றேன். முகம் சூடாகிவிட்டது.

"சும்மா இருங்க. என்னுது. நான்தான் இந்தப் பக்கமா ஒருக்களிச்சுப் படுப்பேன்."

"நான் நேத்து மாத்திரை போட மறந்துட்டேன். என்னுதுதான்."

"எங்க வீட்டுக் கட்டில்ல எங்க வீட்டு விரிப்பு. அது எப்படி ஒங்களுதாகும்?"

ஹோட்டலில் பில்லுக்குச் சண்டை போடுகிற சம்பந்திகளைப் பார்த்திருக்கிறேன். நாங்கள் இதற்குச் சண்டை போட்டோம். போட்டுக்கொண்டே விரிப்பை உருவினோம். ஃப்ளெக்ஸைத் தாண்டி மெத்தைக்கு ஒன்றும் போகவில்லை. மதினி கீசரைப் போடப் போனார். வெந்நீர் ஊற்றினால் கறை துணியைப் பிடித்துக்கொண்டு விடவே விடாது, பச்சைத் தண்ணீர்தான் என்று தடுத்தேன். இதுவரை வெந்நீரில் போட்டுப் பாழாக்கிய விரிப்புகளின் பெயரையெல்லாம் சொல்லி அவர் வருத்தப்பட்டார். டெல்லிக் குழாயில் ஜனவரி மாதத்துப் பச்சைத் தண்ணீர் என்பது ஊசி. ஆளுக்குக் கொஞ்ச நேரமாக மாற்றி மாற்றிச் சோப்புப் போட்டுக் கசக்கினோம். விரல்கள் சிவந்து மரத்துப்போயின. கறை மங்கி, மஞ்சளாகி, போய்விட்டது.

பால்கனியில் ஆளுக்கொரு முனையைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தோம். அவர் ஒரு பக்கமாக முறுக்க, நான் மறுபக்கமாக முறுக்க, தண்ணீர் காலில் கொட்டியது. எதிரே பனி. கீழே யாரோ பழைய பாயைக் கொளுத்துகிற வாசனை மட்டும் வந்தது. கோமதி பல் துலக்கிக்கொண்டே வந்து எங்களைப் பார்த்தாள், விரிப்பைப் பார்த்தாள்.

"காலையிலேயே துணியா? யாருது?"

"என்னுது" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.